குறிப்புப்பிள்ளையின் கல்வெட்டு

"புஸ்பராணி, அடியில பேர் இருக்கு."

முனாப் படலைக்கு வெளியே நின்றபடியே சொன்னான். இரவு முழுக்க கொழும்பு ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் குந்தியிருந்து வந்தவன். சட்டைக் கொலர் கறுத்துக் கிடந்தது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த புஸ்பராணிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"எதின்ர அடியில?"

"கல்வெட்டுட அடியில. கடைசிப் பக்கம். நம்மட பேர் இல்ல, அச்சகத்துட பேர். நூருல் ஹிலால் அச்சகம், மத்திய வீதி, திருகோணமலை. எறும்பு ஊருற மாதிரிச் சின்ன எழுத்து. ஆனா இருக்கு."

"நான் காணேல்லையே."

"நானும் காணல்ல. நூறு பிரதியையும் நாம ரெண்டு பேரும்தானே மடிச்ச. ரெண்டு பேருக்கும் கண் இருந்த."

குசினிக்குள் இருந்து தாய் தங்கேஸ்வரி கூப்பிட்டாள்.

"ஆர் பிள்ளை அது?"

"என்னோட படிக்கிறவர் அம்மா. மூதூர் முனாப்."

"உள்ள வரச் சொல்லன். அப்பம் சுடுறன். கொழும்பில தண்ணி வந்திட்டுதாமோ?"

கல்லூரியில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, அதனால்தான் வகுப்புகளை நிறுத்தினார்கள் என்று புஸ்பராணி வீட்டில் சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். முனாப் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினான்.

"இன்னும் வரல்ல அம்மா. தோண்டிக்கொண்டு இருக்காங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினான். "அவரும் வந்திட்டார்."

"ஆர்?"

"பாக்கியரத்தினம் சேர். அதே ரயில்ல, ரெண்டாம் வகுப்பில. கல் ஓயாவில தேத்தண்ணிக்கு இறங்கக்குள்ள கண்டன். செருப்பு வார் தேடுற மாதிரிக் குனிஞ்சிட்டன். அவர்ட கையில கல்வெட்டு இருந்த. இப்ப ரெஸ்ட் ஹவுசுக்குப் போயிருக்கார். குளிச்சுச் சாப்பிட்டு, கடை திறக்கிற நேரத்துக்கு நேரா அச்சகத்துக்குத்தான் போவார். வேற என்ன வேலை அவருக்கு இஞ்ச?"

விளக்குமாற்றைக் கீழே போட வேண்டும் என்று புஸ்பராணி நினைத்தாள். கை அதை விடவில்லை.

சைவ வீடுகளில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறிய புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். கறுப்புக் கரை, குத்துவிளக்குப் படம், இறந்தவரின் வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டுகள். அதுதான் கல்வெட்டு. ஆவணி விடுமுறையில் இவர்கள் இருவரும் அச்சடித்ததும் ஒரு கல்வெட்டுத்தான். செத்தவர் என்று மட்டும் ஒருவரும் இல்லை.

அமரர் குறிப்புப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். கொழும்பில் இவர்கள் சட்டம் படித்த கல்லூரியில் சாட்சியச் சட்டம் படிப்பித்தவர் கோட்டில் வாதாடும் அப்புக்காத்து பாக்கியரத்தினம். பதினெட்டு வருஷமாக ஒரே மஞ்சள் கொப்பி. அவர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். இடையில் அவர் இருமினால் அதையும் எழுதிய பிள்ளைகள் உண்டு. கேள்வி கேட்டால் "அது அடுத்த தவணை" என்பார், அடுத்த தவணை கேட்டால் "அது போன தவணையெல்லோ." அந்த வருஷம் வைகாசியில் நாடு குடியரசாகியது. மஞ்சள் கொப்பிக்குள் மட்டும் மகாராணி இன்னும் ஆண்டுகொண்டிருந்தார். ஆடிச் சோதனையில் கொப்பியில் இருந்தபடி மகாராணி என்று எழுதிய தமிழ்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தவறிப்போனார்கள். விடைத்தாள் திருத்தியவர் வேறொருவர். அவர் பத்திரிகை வாசிக்கிற மனிதர்.

மாணவர் சங்கம் முறைப்பாடு எழுதியது. முறைப்பாட்டை ஆராய நிர்வாகம் ஒரு குழுவை நியமித்தது. குழுவுக்குத் தலைவர் பாக்கியரத்தினம். அதற்குப் பிறகுதான் புஸ்பராணி பேனையை எடுத்தாள். மாணவர் புலம்பல் எழுதினாள், மின்விசிறி புலம்பல் எழுதினாள், கடைசியில் குறிப்புக் கொப்பி புலம்பல்:

பதினெட்டு ஆண்டாகப் பக்கம் புரட்டினையே
ஒருசொல்லும் மாறாமல் ஓதி முடித்தனையே
மகாராணி போனதையும் மறைத்தென்னுள் வைத்தனையே
இனியாரை நான்தூங்க வைப்பேனோ என்னரசே

தவணை தொடங்கிய காலை நூறு பிரதியும் விரிவுரை மண்டபத்து வாங்குகளில் கிடந்தன. இரண்டு நாள் சிரிப்பு. மூன்றாம் நாள் வகுப்புகளை நிறுத்திவிட்டு அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். எழுதியவர் அகப்பட்டால் பெயர் வெட்டப்படும், இனி எந்தக் காலத்திலும் சட்டத்தொழிலுக்கு வர முடியாது. கீழே இன்னொரு வரி: தேவையேற்படின் பொலிசாருக்கு அறிவிக்கப்படும். அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் சித்திரையில் இளைஞர் கிளர்ச்சி நடந்த பிறகு, மாணவர் என்ற சொல்லும் பிரசுரம் என்ற சொல்லும் ஒரே வசனத்தில் வந்தால் ஜீப் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஜீப்பில் ஏறியவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை.

"அவர் வாறதுக்கு முந்தி அபூதாஹிர் நானாவைப் பிடிக்கவேணும்," என்றாள் புஸ்பராணி.

அப்பம் சாப்பிடாமலே இறங்கினார்கள். கடல்முக வீதியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கோட்டைப் பக்கமிருந்து வந்த இரண்டு புள்ளிமான்கள் யாருடைய வேலியையோ கடித்துக்கொண்டு நின்றன.

"அவர்ட கொப்பியில நான் கையெழுத்து வச்சனான்," என்றாள்.

"என்ன கொப்பி?"

"ஓடர் கொப்பி. அடிச்சதில ஒரு பிரதியை ஒட்டி, பக்கத்தில ஆர் கேட்டது எண்டு எழுதிக் கையெழுத்து வாங்குவார். கதிரவேல் மகள் புஸ்பராணி, கடல்முக வீதி. வடிவா எழுதிக் குடுத்தனான்."

முனாப் நின்றுவிட்டான். "வேற பேர் போட்டிருக்கலாமே."

"பொய்க் கையெழுத்து வைக்கிறது குற்றம்."

"அது மட்டும் ஞாபகம் வந்ததாக்கும்."

கரையில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்த முருகேசு கையை உயர்த்தினார்.

"அப்புக்காத்தம்மா, காலமை வெள்ளன எங்க?"

"இதில ஒருக்கா மாமா."

"எங்கட கரைவலைக் கேஸ் வருஷக்கணக்காக் கோட்டில நாறிக் கிடக்கு. நீ கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ரெண்டு கதை கதைச்சியெண்டாச் சரி. கொப்பரும் லோஞ்சில ஏறுற சனத்துக்கெல்லாம் அதைத்தான் சொல்லுறான். மூதூர் போய்ச் சேருமட்டும் உன்ர கதைதான். எஞ்சின் சத்தத்துக்கு மேலால கேக்குது."

"சோதினை முடியட்டும் மாமா."

அவளுடைய தகப்பன் கதிரவேல் மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் எஞ்சின்காரர். விடிய ஏழு மணிக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். கரையில் இருந்து சட்டம் படிக்கப் போன முதல் பெண்பிள்ளை தன்னுடையவள் என்று ஒரு நாளைக்கு நாலு தரம் குடாவைக் கடந்து சொல்லிவருகிற மனிதர். பெயர் வெட்டுப்பட்டால் அடுத்த நாள் அந்த லோஞ்சில் அவர் எந்த முகத்தோடு நிற்பார் என்று நினைத்தபடி அவள் வேகமாக நடந்தாள்.

அச்சகம் திறந்திருந்தது. அபூதாஹிருக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் கறுப்பு. மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். ஒரு கையில் அச்சுக் கோக்கும் சட்டத்தைப் பிடித்து, மற்றக் கையால் பெட்டிகளுக்குள் இருந்து ஈய எழுத்துகளைப் பார்க்காமலே பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க புள்ள. வாங்க தம்பி. முப்பத்தொண்டு நல்லபடியா முடிஞ்சிச்சா?"

"ஓம் நானா."

"நல்லம். மௌத்து வேலை வந்தா நான் மத்ததெல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டுத்தான் கை வைப்பன். அண்டைக்கும் கலியாணக் காட் அடிக்க வந்தவன் நிண்டு கத்தினான். கலியாணத்த ஒத்திப் போடலாம் மகன், மௌத்த ஒத்திப் போட ஏலா எண்டு செல்லி அனுப்பினன். உங்களுக்கு அவர் என்ன முறை? கேக்க மறந்துட்டன்."

"தூரத்துச் சொந்தம்."

"வயசாளியாக்கும்."

புஸ்பராணி முனாபைப் பார்த்தாள். முனாப் கலண்டரைப் பார்த்தான்.

"நானா, நீங்கள் அடியில அச்சகத்தின்ர பேரைப் போட்டிருக்கிறியள்."

"போடாம?" அபூதாஹிர் கையை நிறுத்தினார். "பேர் போடாம அடிக்கிறது குத்தம் புள்ள. அச்சடிச்ச ஆளுட பேரும் ஊரும் இல்லாம ஒரு துண்டுக் கடதாசி இந்தக் கதவால வெளிய போகப்படாது. நான் ஒருதரம் கோட்டேறினவன். அம்பத்தாறாம் ஆண்டு, எலெக்சன் நோட்டீசு. பேர் போட மறந்துட்டன். நீதவான் கேட்டார், சட்டம் தெரியாதா எண்டு. தெரியாது ஐயா எண்டன். தெரியாது எண்டு செல்ல ஏலாது, எண்டார். அண்டையில இருந்து லோஞ்சு டிக்கட்டிலயும் பேர் போடுறன். நீங்க சட்டம் படிக்கிற புள்ளையள். உங்களுக்கு நான் செல்லணுமா?"

முனாப் அவள் காதுக்குள் கேட்டான். "இது நமக்குப் பாடத்தில இருந்ததா?"

"இல்லை. பறந்துபோன தேன்பூச்சி ஆருக்குச் சொந்தம் எண்டுதான் இருந்தது."

"ரோமாபுரியில."

"ஓம். மூண்டு மாதம் படிச்சனாங்கள்."

ஓடர் கொப்பி மேசையில் கிடந்தது. தடித்த கொப்பி, ஒட்டிய தாள்களால் வயிறு ஊதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே புஸ்பராணி சொன்னாள்.

"நானா, ஒரு உதவி. இதில எங்கட பக்கத்தை மட்டும் எடுக்க ஏலாதோ?"

"எடுக்கிறதெண்டா?"

"கிழிக்கிறது."

அபூதாஹிர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மௌத்து வீட்டுப் புத்தகத்துக்கு ஆரும் பயப்பிடுறதில்ல. என்ன செஞ்சீங்க?"

வெளியே ஒரு மொறிஸ் மைனர் கார் வந்து நின்றது. முனாப் கதவு இடுக்கால் பார்த்தான். அவன் முகம் மாறியதிலேயே புஸ்பராணிக்கு விளங்கிவிட்டது.

"பின்னால போங்க," என்றார் அபூதாஹிர். "ஏன் எண்டு பொறகு கேக்கிறன்."

பின்பக்கம் கடதாசிக் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் இருவரும் குந்தினார்கள். மண்ணெண்ணெய் மணம். புஸ்பராணிக்குத் தும்மல் வரப் பார்த்தது; மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் தாண்டிக் குடை ஊன்றும் சத்தம் உள்ளே வந்தது. பிறகு ஒரு இருமல். மண்டபத்தில் கேட்ட அதே இருமல்.

"அச்சகம் உம்மடையோ?"

"ஓம் ஐயா. இருங்க. கதிரையில மை இல்ல, இப்பதான் துடைச்ச."

"இதை அடிச்சது நீரோ?"

"ஓம். அடியில பேர் போட்டிருக்கே."

"ஒப்புக்கொள்ளுறீர்?"

"ஒப்புக்கொள்ள என்ன இருக்கு ஐயா. போடாட்டித்தானே குத்தம்."

"அது எந்தச் சட்டம்?"

"அச்சுக்கூடச் சட்டம். ஐயாக்குத் தெரியாததா."

மறுபடி இருமல்.

"சரி. இதில செத்தது ஆரெண்டு தெரியுமோ?"

"குறிப்புப்பிள்ளை எண்டு ஒரு பெரியவர். எங்கட ஊர்ப் புள்ளையொண்டுட தூரத்துச் சொந்தம்."

கட்டுகளுக்குப் பின்னால் முனாப் கண்ணை மூடினான்.

"பிள்ளையொண்டு?" என்றது பாக்கியரத்தினத்தின் குரல். "ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

"புள்ள எண்டாப் புள்ளதான் ஐயா."

"செத்தது நான்."

"ஐயா?"

"நான்தான் குறிப்புப்பிள்ளை. வடிவாப் பாரும். நீர் செத்ததெண்டு அச்சடிச்ச ஆள் உம்மட கதிரையில இருக்கிறன்."

அபூதாஹிர் பின்வாங்கிய சத்தம் கேட்டது. மேசை கிறீச்சிட்டது. "அஊது பில்லாஹ்," என்று அவர் வாய்க்குள் சொன்னார்.

"பேயில்லை, பயப்பிடாதேயும். என்னைப் பகிடி பண்ண அடிச்சது. நீர் வாசிக்கேல்லையோ?"

"உங்கட சமயக் காரியம் ஐயா. எனக்கென்ன தெரியும். எழுத்தப் பாத்து எழுத்தக் கோத்தன்."

"என்ர அம்மா வேலணையில இருக்கிறா. எண்பத்திரண்டு வயது. ஆரோ ஒரு புண்ணியவான் அவவுக்கு ஒரு பிரதியைத் தபாலில அனுப்பியிருக்கிறான். கறுப்புக் கரை, குத்துவிளக்கு, வேலணையில் பிறந்து கொழும்பில் குறிப்புச் சொல்லி எண்டு வரலாறு. மனிசி அதைக் கண்ணாடி போட்டு வாசிச்சு, தலையில தண்ணி வாத்து, மூண்டு நாள் துடக்குக் காத்திருக்கு. தந்தி கண்டு நான் ஓடிப்போய் முன்னுக்கு நிக்கிறன், என்ர நெத்தியைத் தொட்டுப் பாக்கிறா, சூடிருக்கோ எண்டு."

புஸ்பராணி முனாபைப் பார்த்தாள். "நீங்களோ அனுப்பினது?" என்று வாயசைத்தாள். அவன் தலையை ஆட்டினான். நூறு பிரதி. எந்தக் கை எந்தத் தபால்பெட்டிக்குப் போனதென்று யாருக்குத் தெரியும். கிழவி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஆர் ஓடர் தந்தது? கொப்பி வச்சிருப்பீரெல்லோ."

"இருக்கு."

"காட்டும்."

கொப்பி அவருடைய முழங்கைக்கு எட்டிய தூரத்தில் கிடக்கிறது என்பது புஸ்பராணிக்குத் தெரியும். அவர் கையை நீட்டினால் போதும்.

"காட்ட ஏலா ஐயா."

"என்ன?"

"நீதவான்ட கடதாசி கொண்டு வந்தாக் காட்டுவன். பொலிசுக்கும் அப்படித்தான் செல்லுவன். கோட்டில எனக்குப் படிப்பிச்சது அதுதான்."

"உம்மை ஏமாத்தினவைக்காக நிக்கிறீர்."

"ஏமாத்தினது வேற கதை. அத நான் அவங்கட்டக் கேட்டுக்குவன். கொப்பி வேற கதை."

குடை தரையில் ஒருமுறை தட்டியது. பாக்கியரத்தினத்தின் குரல் இப்போது தணிந்து வந்தது. அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"அச்சுக்கூடச் சட்டம் தெரிஞ்ச மனிசனுக்கு அவசரகாலச் சட்டமும் தெரிஞ்சிருக்கும். நான் விசாரணைக் குழுத் தலைவர். மாணவர் கலகத்துக்குப் பிரசுரம் அடிச்ச இடம் எண்டு நான் ஒரு வரி எழுதினாக் காணும். பின்னேரம் உம்மட கதவில அரக்கு முத்திரை. நீர் உள்ளுக்கு. எத்தினை நாளெண்டு ஆரும் சொல்லமாட்டினம். வழக்கும் இல்லை, நீதவானும் இல்லை. ஆரிட்டக் கடதாசி கேப்பீர்?"

ஒரு சின்னச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அபூதாஹிரின் கையில் பாதி கோத்த அச்சு இன்னும் இருந்தது. ஈய எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டின, குளிரில் பல் கிட்டுவது போல. நிற்காமல் முட்டிக்கொண்டிருந்தன.

புஸ்பராணி எழும்பினாள். முனாப் அவள் கையைப் பிடித்தான்.

"இருங்க. அவர் காட்டமாட்டார்."

"ஓம். காட்டமாட்டார்," என்று அவள் மெல்லச் சொன்னாள். கையை இழுத்துக்கொண்டாள்.

கட்டுகளைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். பாக்கியரத்தினம் கதவைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். அவள் அவருடைய முதுகுக்குத்தான் சொன்னாள்.

"நான்தான் சேர்."

அவர் உடனே திரும்பவில்லை. அபூதாஹிர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேர்?"

"புஸ்பராணி. மூண்டாம் வருஷம்."

"முன்வாங்கில இருக்கிற பிள்ளை."

"ஓம் சேர்."

"நித்திரை கொள்ளாமல் எழுதுற பிள்ளை."

"ஓம் சேர்."

"வேற ஆர்?"

"நான் மட்டும்தான்."

கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னால் அசைவில்லை. பாக்கியரத்தினம் குடையின் பிடியில் இரண்டு கையையும் வைத்து, மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். வகுப்பில் அவர் யாரையும் பார்த்ததில்லை, கொப்பியைத்தான் பார்ப்பார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. மூன்று நாளாவது நித்திரை இல்லாத கண்கள்.

"இப்ப நீர் செய்ததுக்குச் சாட்சியச் சட்டத்தில என்ன பேர்?"

"சேர்?"

"பேரைச் சொல்லும்."

"குற்ற ஒப்புதல்."

"அதைப் பற்றி நான் என்ன சொல்லித் தந்தனான்? சொல்லும். இருபத்திநாலாம் பிரிவு."

அவளுக்குத் தன் பெயர்கூட அப்போது சரியாக வந்திருக்காது. ஆனால் அது வந்தது. மூன்று தரம் எழுதி, ஆறு தரம் பாடமாக்கியது, பயத்துக்குள்ளாலும் தானாக வந்தது.

"அதிகாரத்திலுள்ள ஆளொருவரிடமிருந்து வந்த தூண்டுதலால், பயமுறுத்தலால் அல்லது வாக்குறுதியால் செய்யப்பட்டதெனத் தோன்றும் குற்ற ஒப்புதல்..."

நின்றுவிட்டாள். அரக்கு முத்திரை என்று அவர் சொன்ன சொல் இன்னும் அந்த அறைக்குள் இருந்தது. மேற்கொண்டு சொன்னால் அவரைக் குற்றக் கூட்டில் ஏற்றுவதாகிவிடும். அந்தப் பயம் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஏன் நிப்பாட்டினீர்? சொல்லி முடியும்."

"...ஏற்புடையதன்று. மகாராணியின் நீதிமன்றம் எதிலும் அதனை எண்பித்தலாகாது."

மகாராணி வந்து விழுந்துவிட்டார். கொப்பியில் அப்படித்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அதிகாரத்திலுள்ள ஆள் இஞ்ச ஆர்?" என்று கேட்டார்.

"நீங்கள் சேர்."

"பயமுறுத்தினது?"

அவள் தலை குனிந்தாள். அபூதாஹிர்தான் பதில் சொன்னார், மிகவும் மரியாதையாக.

"நீங்கதான் ஐயா."

பாக்கியரத்தினம் கல்வெட்டைக் கையில் எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எறும்பு எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஈய எழுத்துகளின் சத்தம் நின்றிருந்தது. அவர் இருமினார்.

"கொப்பியில அந்தப் பக்கத்துச் சட்டம் மட்டும் மாறேல்லை," என்றார். "எண்பது வருஷமா மாறேல்லை. நல்ல பக்கம்."

குடையை ஊன்றி எழும்பினார். கல்வெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அச்சகக்காரர் நீதவானின்ர கட்டளை இல்லாமல் கொப்பி காட்ட மறுத்துப்போட்டார். அப்பிடித்தான் நான் எழுதுவன். அது உண்மைதானே?"

"உண்மை ஐயா," என்றார் அபூதாஹிர்.

"மற்றது எனக்குக் கேக்கேல்லை. கேட்டாலும் சட்டம் ஏற்காது."

இது மன்னிப்பா, சட்டமா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. வாசலில் அவர் நின்றார்.

"திங்கட்கிழமை வகுப்புத் துவங்குது. முதல் பாடம் என்ர. பின்னுக்குக் கடதாசிக்குள்ள நிக்கிற ஆளுக்கும் சொல்லும்."

பின்னால் எதுவோ தட்டுப்பட்டு விழுந்தது.

"இன்னுமொண்டு. என்ர அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதும். நான் சாகேல்லை எண்டு நான் சொன்னா நம்புறாவில்லை. செத்தவன் அப்பிடித்தான் சொல்லுவான் எண்டு நினைக்கிறாவோ தெரியாது. எழுதினவள் எழுதினா நம்புவா."

"என்ன எழுத சேர்?"

"அதையும் நான் வாசிக்க நீர் எழுதவோ?"

கார் புறப்பட்டுப் போனது. முனாப் தூசியோடு வெளியே வந்தான். "நானா..." என்று தொடங்கினான்.

அபூதாஹிர் அவர்களைப் பார்க்கவில்லை. ஓடர் கொப்பியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பு பூட்டுக்குள் போக இரண்டு மூன்று தரம் எடுத்தது.

"கலியாணக்காரன் ரெண்டு நாள் காத்திருந்தான்," என்றார். "நான் அந்தப் பெரியவருக்கு அல்லாஹ்ட்டத் துஆவும் கேட்டன் புள்ள. வேற சமயம், கேக்கலாமோ எண்டு தெரியாது. கோத்துக்கொண்டு இருக்கக்குள்ள கேட்டன்."

"பிழைதான் நானா," என்றாள் புஸ்பராணி.

"இனி உங்கட ஆக்கள் மௌத்து எண்டு வந்து நிண்டா, நான் மௌத்தான ஆளுட மையத்தக் கொண்டு வந்து காட்டு எண்டா கேக்கிற?"

அச்சுச் சட்டத்தில் இருந்து ஒரு எழுத்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனியப் போனாள்.

"விடுங்க. நான் பொறுக்குவன்."

அவர் குனிந்து பொறுக்கினார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் இளகியிருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

"அப்ப ஆரும் மௌத்தாகல்ல."

"இல்லை நானா."

"அல்ஹம்து லில்லாஹ்," என்றார், உண்மையாகவே. துறையடியில் லோஞ்சு ஊதியது. கதிரவேல் மூதூருக்குப் போகிற சனத்துக்குத் தன் கதையைத் தொடங்கியிருப்பார். அபூதாஹிர் ஒரு கட்டில் இருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி, மையில்லாத இடம் பார்த்து மேசையில் வைத்தார்.

"இருந்து எழுதுங்க, அந்த உம்மாக்கு. இப்பவே."

அவள் கதிரையில் இருந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. பேனையைத் திறந்து தாளின் மேல் மூலையில் திகதியை எழுதினாள்.

"எழுதி முடிச்சா," என்றார் அபூதாஹிர், எழுத்துப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டே, "அடியில உங்கட பேரப் போடுங்க."